ஊர்க்காரர்களிடம் கேட்டறியும் ஆய்வு தடுமாறும்போது: செட்டிநாட்டுக் களத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

பழைய வீடுகளைக் காப்பது, ஊருணியைத் தூர்வாருவது, ஆத்தங்குடிக் கல் எனும் தரை ஓடு செய்யும் பட்டறைகளுக்கு உதவுவது, கண்டாங்கிச் சேலைக்குச் சந்தை தேடுவது என்று செட்டிநாட்டில் எந்தத் திட்டத்தைத் தொடங்கினாலும், ஆய்வு இரண்டு வழிகளில் ஊருக்குள் நுழைகிறது. விஷயம் தெரிந்தவரைத் தேடிப்போய்த் தனியாக உட்கார்ந்து பேசுவது முக்கியத் தகவலாளர் நேர்காணல். திட்டத்தால் நன்மையோ பாதிப்போ அடையப்போகிறவர்களைக் கூட்டிவைத்துக் கேட்பது கலந்தாய்வு. முன்னதில் நாம் தேடுவது தகவல். பின்னதில் கேட்பது விருப்பமும் எதிர்ப்பும். கூட்டத்தில் தகவல் திரட்டப் பார்ப்பதும், ஒருவரின் நேர்காணலை ஊரின் சம்மதமாக எழுதிவிடுவதும்தான் பெரும்பாலான பழுதுகளுக்கு வேர்.

என் துணிபு இதுதான்: தகவலாளர் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்குச் சாட்சி. யாரை எதற்குச் சாட்சியாகத் தேடிப்போகிறோம் என்று ஒரு வரியில் எழுதிவைக்காமல் யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காரக் கூடாது. ஊர்த் தலைவர் என்பதாலோ, நன்றாகப் பேசுவார் என்பதாலோ ஒருவர் எல்லாவற்றுக்கும் சாட்சியாகிவிட மாட்டார்.

கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் களத்தில் தெரிவது எதுவோ, அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.

அறிகுறி: யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வருகிறது

புதிதாகக் களத்துக்கு வருபவர்கள் இதைக் கண்டு மகிழ்ந்துவிடுகிறார்கள். 'இனிப் புதிதாக ஒன்றும் வரவில்லை, போதும்' என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். பன்னிரண்டு நேர்காணல் போதும் என்றொரு கணக்கும் ஆய்வாளர்களிடையே உலவுகிறது. அந்தக் கணக்கு 2006ஆம் ஆண்டு கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை அவர்கள் ஆராய்ந்தபோது, பெரும்பாலான கருத்துகள் முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் அவர்கள் பேசியது ஓரளவு ஒரேவகையான நிலையில் இருந்தவர்களிடம், ஏறக்குறைய ஒரே கேள்விகளை வைத்து. ஊருணி ஆய்வில் கோயில் பொறுப்பாளர், குடம் எடுத்துப்போகும் பெண், கரையில் ஆடு மேய்ப்பவர், சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர் ஆகியோரை ஒரே குழுவாக எண்ணி 12 என்று முடிக்க முடியாது.

முதலில் நோட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். இதுவரை சந்தித்தவர்களின் பெயர்களுக்கு எதிரே, இவரைப் பார்க்கச் சொன்னவர் யார் என்று எழுதி, இருவரையும் ஒரு கோட்டால் இணையுங்கள். எல்லாக் கோடுகளும் ஒருவரிடமே போய்ச் சேர்ந்தால், நீங்கள் பலரிடம் பேசவில்லை. ஒருவரின் வட்டத்துக்குள் சுற்றியிருக்கிறீர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வாசல்களிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். பள்ளித் தலைமையாசிரியர் ஒரு வாசல், கிராம செவிலியர் ஒரு வாசல், ஊரெல்லாம் வேலை பார்த்த கொத்தனார் ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரிடமும், "இந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகாதவர் யார்?" என்று கேட்டு, அவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோடுகள் பிரிந்துதான் போகின்றன என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள். வழிகாட்டியாக வந்த ஊர்ப் பெரியவர் நேர்காணல் முழுவதும் உடன் இருந்தால், பதில்கள் உங்களுக்கல்ல, அவருக்குச் சொல்லப்படுகின்றன. முதல் நாள் அவரையே தகவலாளராக வைத்து நீண்ட நேரம் மரியாதையோடு பேசிவிடுங்கள். "மற்றவர்களிடம் தனித்தனியாகப் பேச வேண்டும் என்பது எங்கள் ஆய்வு முறை ஐயா" என்று நேரடியாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மூன்றாவது காரணம் நம் கேள்வியிலேயே இருக்கலாம். "சுற்றுலா வளர்ந்தால் ஊருக்கு நல்லதுதானே?" என்று கேட்டால், வந்த விருந்தாளி மனம் கோணாமல் பதில் சொல்வதுதான் இந்த மண்ணின் பழக்கம். "போன தை மாதம் வெளியூர்க்காரர்கள் வந்தபோது உங்கள் தெருவில் என்ன நடந்தது? யாருக்குக் காசு வந்தது? யாருக்குத் தொல்லை?" என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றையும் சரிபார்த்த பிறகும் பதில் ஒன்றாகவே இருந்தால் அது உண்மையாக இருக்கக்கூடும். அப்போதும் இந்தத் திட்டம் நின்றுபோனால் யாருக்கு நிம்மதி என்று தேடி, அவரிடம் ஒருமுறை பேசிவிட்டு முடியுங்கள்.

அறிகுறி: வீட்டுக்காரர் ஊரில் இல்லை, இருப்பவர் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்கிறார்

இது செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல். பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார்கள் சொந்த ஊரில் கட்டிய வீடுகள் இவை. இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். அவர்கள் இருப்பதோ சென்னையிலும் கோவையிலும் வெளிநாடுகளிலும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் இடம்பெற்றதிலிருந்து கேள்வித்தாளோடு கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் வருகிற யாரும் முதலில் பார்ப்பது பூட்டிய கதவைத்தான்.

இங்கே செய்ய வேண்டியது, ஒரு வீட்டைப் பற்றிய கேள்விகளைச் சாட்சிகளுக்கு ஏற்பப் பிரிப்பது. மழை பெய்தால் வளவில் (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) எந்த மூலையில் ஒழுகுகிறது, எந்தத் தூணைக் கரையான் அரிக்கிறது என்பது வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குத் தெரியும். எந்தப் பங்கு யாருக்கு, எது வழக்கில் இருக்கிறது என்பது குடும்பத்தின் மூத்தவருக்குத் தெரியும். பழுதுபார்க்கப் பணம் வருமா என்பதை முடிவுசெய்பவர் வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருக்கும் மகனாகவோ மகளாகவோ இருப்பார். இந்த மூன்றையும் ஒருவரிடமே கேட்டால் ஒன்றுதான் உண்மையாக வரும். மற்ற இரண்டும் அனுமானமாக வரும்.

பார்த்துக்கொள்பவர் 'ஒன்றும் தெரியாது' என்பதற்கு, 'என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள்' என்று பொருள். விற்பனை, பங்கு, வழக்கு பற்றி அவரிடம் வாயே திறக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி வாங்கி, அந்த அனுமதியை அவர் வாயாலேயே பார்த்துக்கொள்பவருக்குச் சொல்லவையுங்கள். பிறகு அவருடைய வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள்: மழைக்காலத்தில் முதலில் எந்த அறையைத் திறந்து பார்ப்பார், ஓடு மாற்ற யாரைக் கூப்பிடுவார், போன முறை எவ்வளவு செலவானது? தகவல் தானாக வரும். அவர் சொன்னது எதுவும் அவர் சொன்னதாக வீட்டுக்காரர் காதுக்குப் போகக் கூடாது. அவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது.

வீட்டுக்காரர்களைச் சந்திக்கக் குடும்பப் படைப்பு (முன்னோர் வழிபாடு), திருமணம், கோயில் திருவிழாக் காலங்கள்தான் வாய்ப்பு. ஆனால் அந்த நாட்களில் நேர்காணல் எடுக்க முயல்வது தவறு. வந்திருப்பவர்களுக்குச் சாமி காரியமும் உறவுக் காரியமும் தலைக்கு மேல் இருக்கும். பத்து நிமிடம் அறிமுகம் செய்துகொண்டு, தொலைபேசி எண்ணையும் பேச வசதியான நேரத்தையும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் எடுக்கும் நேர்காணல் தெளிவாக இருக்கும். அந்த அறிமுகத்தின்போது வீட்டு ஆச்சியை விட்டுவிடாதீர்கள். வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டின் அறைகளில் என்ன இருக்கிறது, எந்தச் சாமான் எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, எந்தக் கதவு எப்போது கழற்றப்பட்டது என்று பெரும்பாலும் ஆச்சிமார்களே நினைவில் வைத்திருக்கிறார்கள். "ஆச்சி, உங்களிடம்தான் கேட்க வேண்டும்" என்று அவரைத் தனியாகத் தேடிப்போக வேண்டும்; ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பட்டாலையில் வைத்துக் கேட்டால் அவர் பேச மாட்டார்.

எல்லோரும் மறந்துவிடும் சாட்சி இன்னொருவர் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். வீடு இடிபடும்போது கதவும் தூணும் எனாமல் பாத்திரமும் வந்து சேரும் இடம் அது. எந்த ஊரிலிருந்து எந்தப் பொருள் அதிகம் வருகிறது, எது முதலில் விற்பனைக்கு வருகிறது என்பது பல வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வியாபார நோக்கம் இருக்கிறது என்பதை எழுதிவைத்துக்கொண்டு கேளுங்கள், ஒதுக்கிவிடாதீர்கள்.

அறிகுறி: பெருமை நிறையக் கிடைக்கிறது, தகவல் கிடைக்கவில்லை

"ஆத்தங்குடிக் கல்லுக்கு ஈடு இணை கிடையாது" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். திரும்பி வந்து பார்த்தால் அறிக்கையில் எழுத ஒரு வரி இருக்காது. குறை பேசியவரிடம் இல்லை. 'தொழில் எப்படி இருக்கிறது?' என்று வாசலை அகலமாகத் திறந்த கேள்வியில்தான்.

கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். "நேற்று எத்தனை கல் போட்டீர்கள்? எத்தனை உடைந்தது? மணல் எங்கிருந்து வந்தது? விலை போன வருடம் எவ்வளவு?" என்று கேட்டால் பேச்சு தரைக்கு இறங்கும். அதைவிட நல்லது, வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்பது. கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவையை வைத்து அழுத்துகிறார்கள். காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி தானாகப் பிறக்கும். கண்ணாடி உடைந்தால் செலவு யாருடையது? மழை நாளில் காயவைக்க என்ன செய்கிறார்கள்? ஈரச் சிமெண்டு கையை அரிக்கிறதே, உறை போட்டால் வேலை ஓடுமா?

பட்டறை உரிமையாளரும் கல் போடுபவரும் இருவேறு சாட்சிகள் என்பதையும் இங்கே காணலாம். ஆர்டரும் விலையும் கடனும் உரிமையாளருக்குத் தெரியும். மணலின் தரம் மாறியதும், இளையவர்கள் ஏன் இந்த வேலைக்கு வருவதில்லை என்பதும் கல் போடுபவருக்குத் தெரியும். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'அதனால் நன்மை உண்டா?' என்று கடைக்காரரிடம் மட்டும் கேட்ட ஆய்வுக்கும், 'குறியீட்டுக்குப் பிறகு ஒரு சேலைக்கான கூலி ஏறியதா?' என்று தறியில் இருப்பவரிடமும் கேட்ட ஆய்வுக்கும் வரும் முடிவுகள் ஒன்றாக இருக்காது.

அறிகுறி: இரண்டு தகவலாளர்கள் நேர் எதிராகச் சொல்கிறார்கள்

பாசன ஏரியான கண்மாய் பற்றிய ஆய்வுகளில் இது கட்டாயம் வரும். ஒருவர் 'தண்ணீருக்குக் குறைவில்லை' என்பார். இன்னொருவர் 'பயிர் கருகிக் கிடக்கிறது' என்பார். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, 'ஓரளவு தண்ணீர்ப் பற்றாக்குறை நிலவுகிறது' என்று எழுதுவதுதான் மிக மோசமான தீர்வு. அப்படி எழுதினால் இருவர் சொன்னதும் பொய்யாகிவிடும்.

முரண்பாடு பழுதல்ல, பெரும்பாலும் அதுதான் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே மூன்றை எழுதுங்கள்: சொன்னவரின் நிலம் எங்கே இருக்கிறது, கண்டு சொல்கிறாரா கேட்டுச் சொல்கிறாரா, எந்த ஆண்டைப் பற்றிச் சொல்கிறார். முதலாமவரின் நிலம் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையிலும் இரண்டாமவரின் நிலம் கடைசியில் பாயும் கடைமடையிலும் இருந்தால், உங்கள் அறிக்கையின் முதல் வரி கிடைத்துவிட்டது. இருவரையும் தனித்தனியாகக் கரைமேல் நடக்கவைத்துப் பேசுங்கள். எந்த மடை அடைபட்டிருக்கிறது, உபரி நீர் வெளியேறும் கலுங்கு எப்போது கடைசியாக வழிந்தது, தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் எங்கே மண்டியிருக்கிறது என்பதெல்லாம் காலடியில் தெரியும்போது பேச்சு மாறும். தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சி இன்னும் அந்த ஊரில் இருந்தால், அவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

எழுத்துச் சான்றையும் பக்கத்தில் வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கலில், ஒவ்வொரு பசலி ஆண்டிலும் (வருவாய்த் துறையின் கணக்காண்டு) எந்தப் புல எண்ணில் என்ன பயிர் இருந்தது என்று பதிவாகியிருக்கும். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்து ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் ஒரு போகம் தவறான ஆண்டில் போய் விழும். நேரில் பார்க்காமல் நிரப்பிய அடங்கலும் உண்டு. ஆகவே அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் மூன்றாவது சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அதிகாரியைக் கேட்பது என்பதிலும் குழப்பம் வரும். ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பொறுப்பில்லாதவரிடம் மணிக்கணக்கில் பேசிவிட்டு 'அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது நியாயமில்லை.

அறிகுறி: அதிகாரி கோப்பில் உள்ளதையே திரும்பச் சொல்கிறார்

கோப்பில் உள்ளதை நீங்கள் படித்துவிட்டுப் போகாததால் அப்படிச் சொல்கிறார். வெளியாகியிருக்கும் விவரங்களை முன்பே படித்துக்கொள்ளுங்கள். கிடைக்காதவற்றுக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடுங்கள். பதில் தர 30 நாள் கெடு உண்டு. நேர்காணலில் எண்களைக் கேட்காதீர்கள். "இந்தத் திட்டத்தை நடத்தும்போது எங்கே தடைப்பட்டது? மறுபடி செய்வதாக இருந்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். தம் அனுபவத்தை மதித்துக் கேட்பவரிடம் பல அதிகாரிகள் மனம்விட்டுப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஒலிப்பதிவைப் போட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது

அணைத்துவிடுங்கள். கையால் குறிப்பு எடுத்து, அன்று இரவுக்குள் விரித்து எழுதுங்கள். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்பதும் ஆய்வுக்கு அனுமதி கேட்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதால், ஒன்றுக்கு மறுத்தவர் மற்றொன்றுக்கும் மறுத்ததாகாது. அனுமதி இல்லாமல் சட்டைப்பையில் தொலைபேசியை ஓடவிடுவது நம்பிக்கைத் துரோகம். எந்தத் தகவலும் அதற்கு ஈடாகாது.

அறிகுறி: கலந்தாய்வில் மூன்று பேர்தான் பேசுகிறார்கள், பெண்கள் பின்வரிசையில் மௌனம்

இடத்தையும் நேரத்தையும் யார் தேர்ந்தெடுத்தார் என்று முதலில் பாருங்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் ஊரில் சிலர் உள்ளே வரத் தயங்கி ஓரமாக நிற்பார்கள். சாதி இதில் இல்லை என்று பாசாங்கு செய்யும் ஆய்வு, பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டுச் 'சமூக ஒப்புதல்' என்று எழுதும். பெரிய வீட்டு முகப்பில் கூட்டம் வைத்தாலும் இதே கதைதான். பள்ளிக்கூடம் பரவாயில்லை. இன்னும் சரியானது, ஒவ்வொரு குடியிருப்பிலும் தனிக் கூட்டம் நடத்திவிட்டு, கடைசியில் பொதுக்கூட்டம் வைப்பது. வரிசை முக்கியம். பொதுக்கூட்டம் முதலில் நடந்தால், அங்கே பெரியவர் சொன்னதுதான் மற்ற எல்லாக் கூட்டங்களிலும் எதிரொலிக்கும்.

காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் வர முடியாது. வேலை நடக்கும் இடத்துக்கே, அவர்கள் மரத்தடியில் சாப்பிட உட்காரும் நேரத்துக்குப் போங்கள். கொட்டான் எனும் ஓலைக்கூடை முடையும் பெண்களைக் கூட்டத்துக்கு அழைப்பதைவிட, அவர்கள் ஓலையோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய் அமர்வது நல்லது. கை வேலையில் இருக்கும்போது பேச்சுக்குத் தயக்கம் குறைகிறது.

கூட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேள்வியைச் சொன்னதும் பொதுவாகப் பேசவிடாமல், நான்கைந்து பேராகப் பிரித்துக் கால் மணி நேரம் தங்களுக்குள் பேசச் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் சொல்லட்டும். 'எங்கள் குழுவில் இப்படிச் சொன்னார்கள்' என்று சொல்லும்போது, தனியாக எதிர்த்துப் பேசிய பழி யார்மேலும் விழாது.

அறிகுறி: கலந்தாய்வு மனுநாளாக மாறிவிடுகிறது

சாலை, தெருவிளக்கு, பட்டா, முதியோர் உதவித்தொகை என்று கோரிக்கைகள் குவிகின்றன. கேட்க வந்த விஷயம் மேடைக்கே வரவில்லை. இதற்குக் காரணம் இரண்டு. வந்திருப்பவர் யார், அவரால் எதைச் செய்ய முடியும் என்று ஊருக்குத் தெரியவில்லை. முதல் ஐந்து நிமிடத்திலேயே, 'நாங்கள் அரசு அலுவலர்கள் இல்லை, இந்த ஊருணியைப் பற்றி மட்டும் கேட்க வந்திருக்கிறோம், இன்னின்னவை உங்கள் சொல்லால் மாறும், இன்னின்னவை மாறாது' என்று சொல்லிவிடுங்கள். மற்றக் கோரிக்கைகளைத் தனித் தாளில் எழுதி, ஊராட்சிச் செயலரிடம் கூட்டத்தார் முன்னிலையிலேயே கொடுத்துவிடலாம்.

இரண்டாவது காரணம் கசப்பானது. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று ஊருக்குத் தெரிந்திருக்கலாம். அப்படியானால் வந்தவரைக்கும் லாபம் என்று மனு கொடுப்பது முற்றிலும் நியாயம். மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் விளக்கினார். அதில் கலந்தாய்வு வெறும் நான்காம் படி. கேட்டதைச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் அது சடங்கு என்றே அவர் வகைப்படுத்தினார். மாற்றக்கூடியது எதுவுமே மீதியில்லை என்றால், 'அறிவிப்புக் கூட்டம்' என்று நேர்மையாகப் பெயர் வையுங்கள்.

முன்னறிவிப்பும் இதில் சேரும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கேட்கிறது. உங்கள் சிறு திட்டத்துக்கு அந்த விதி பொருந்தாது. என்றாலும் முந்தின நாள் மாலை ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு மறுநாள் கருத்துக் கேட்பது எந்த ஊருக்கும் மரியாதை இல்லை.

அறிகுறி: பெயரை மறைத்தும் யார் சொன்னது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது

'ஆத்தங்குடியில் மூன்றாம் தலைமுறையாகப் பட்டறை நடத்தும் பெண்' என்று எழுதினால் பெயர் எதற்கு? சிறிய ஊர்களில் தொழில், பாலினம், தலைமுறை மூன்றும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். ஊரை விட்டுவிட்டுச் 'செட்டிநாட்டுப் பட்டறை ஒன்றில்' என்று எழுதுங்கள், அல்லது தொழில் நிலையைப் பொதுவாக்குங்கள். நேரடி மேற்கோளில் அவருக்கே உரிய சொல்வழக்கு இருந்தால் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும்முன் அந்தப் பத்தியை அவருக்கே படித்துக் காட்டி, 'இது உங்களைக் காட்டிக்கொடுக்குமா?' என்று கேட்டுவிடுவதுதான் உறுதியான வழி.

அறிகுறி: 'போன தடவையும் இப்படித்தான் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்'

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் நேர்காணலை நிறுத்திவிட்டு, போன தடவை வந்தவர்கள் யார், என்ன கேட்டார்கள், என்ன ஆனது என்பதைக் கேளுங்கள். அந்த அறிக்கை கிடைத்தால் படித்துவிட்டு, அதில் இருக்கும் எதையும் மறுபடி கேட்காதீர்கள். கானாடுகாத்தான் போன்ற பெயர்பெற்ற ஊர்களில் மாணவர்களும் கட்டடக் கலைஞர்களும் படப்பிடிப்புக் குழுவினரும் மாறி மாறி வந்து ஊராரைக் களைப்படையச் செய்திருக்கிறார்கள். ஆய்வுக்கு அந்த ஊரேதான் வேண்டுமா, யாரும் போகாத பக்கத்து ஊர் போதாதா என்று திட்டம் போடும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

நீங்களும் அந்தப் பட்டியலில் சேராமலிருக்க, கண்டறிந்ததை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதி ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஆய்வு முடியும் தேதிக்கு அடுத்து வரும் சபை நாளை இப்போதே குறித்துக்கொண்டு, ஊராட்சித் தலைவரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வையுங்கள். ஊருக்கு வராத வீட்டுக்காரர்களுக்கு அதே பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சபையில் யாராவது எழுந்து, 'இது தவறு' என்று சொன்னால், அந்த மறுப்பையும் அவர் காட்டும் காரணத்தையும் அறிக்கையின் உடலிலேயே, அந்தக் கண்டுபிடிப்புக்கு அடுத்த வரியில் சேர்த்துவிட்டுப் பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.